'இப்போது' என்னும் ஒரு சொல்

தமிழாசிரியர் ஒருவர் பாடம் நடத்துகையில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் பெரும்பாலும் கேடு ஒன்றும் விளைவதில்லை. மாணவன் ஒருவன் கை தூக்குவான், ஆசிரியர் திருத்திக்கொள்வார், வகுப்பு சிரித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். ஆனால் வகுப்பறைக்கு வெளியே நான் ஒரு முறை ஒரு சொல்லை விட்டுவிட்டேன். அதைத் திருத்தக் கை தூக்குவார் அங்கு எவரும் இலர். அந்தச் சொல் 'இப்போது' என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. எனினும், தேக்காவில் பஃப்ளோ ரோட்டுப் பூக்கடைகளைக் கடந்து செல்லும் போதெல்லாம் அச்சொல் என் நெஞ்சில் முள்ளாய் நெருடுகின்றது.

1980களின் இறுதியில் நான் தேக்காவுக்கு அருகில் குடியிருந்தேன். பழைய சந்தை இடிக்கப்பட்டு, சாலைக்கு எதிர்ப்புறத்தில் 1982ஆம் ஆண்டு புதிய சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு 'சூஜியாவ் செண்டர்' என்று மாண்டரின் ஒலிப்பில் பெயர் சூட்டியிருந்தார்கள். தமிழர்களோ அப்பெயரைப் பொருட்படுத்தாமல் தேக்கா என்றே வழங்கி வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் கட்டடத்தின் பெயரும் தேக்கா நிலையம் என்றே மாறிற்று. மக்கள் வாயில் வழங்கும் சொல்லுக்கு அத்துணை வலிமை உண்டு. அந்த வலிமை நன்மைக்கும் உதவும். தீமைக்கும் துணை போகும் என்பதை நான் அவ்விடத்திலேயே கற்றேன்.

சந்தையை ஒட்டிய தெருவில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மையார் இருந்தார். வயதில் எனக்கு மூத்தவர். அக்கா என்று அழைப்பேன். கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் இருந்தான். சரக்குகளைக் கையாடல் செய்தான் என்று அவன்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆங்கிலம் அறியாத அவ்வம்மையார் என்னிடம் வந்து, "சார், ஒருநாள் கூட வந்து அங்கே என்ன பேசுறாங்கன்னு எனக்குச் சொல்லுங்க, போதும்" என்று கேட்டார். பள்ளி விடுமுறைக் காலம் அது. உடன் சென்றேன்.

அன்றைய நாள் முழுவதும் ஒரே ஒரு வினாவைச் சுற்றியே வாதம் நிகழ்ந்தது. விசாரணை அதிகாரிகளிடம் அவன் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்திட்டிருந்தான். 'ஒப்புக்கொண்டால் இலேசாக முடிந்துவிடும்' என்ற பேச்சை நம்பியே கையெழுத்திட்டதாக அவன் தரப்பு வாதிட்டது. அரசுத் தரப்பு அதனை மறுத்தது. வாக்குமூலம் தானாக முன்வந்து தரப்பட்டதா என்பதை முடிவு செய்வதற்காக, நடந்துகொண்டிருந்த விசாரணையை நிறுத்திவைத்துவிட்டு, அதற்குள் இன்னொரு சிறு விசாரணை நடத்தினார்கள். மாலையில் நீதிபதி வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்பதாக அறிவித்தார். வழக்கு மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே தாழ்வாரத்தில் வழக்கறிஞர் எங்களிடம் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசினார். இந்த முடிவை எதிர்த்து இப்போது மேல்முறையீடு செய்ய இயலாது, வழக்கு முடியட்டும், தீர்ப்பு பாதகமானால் அப்போது இதனையும் சேர்த்து எழுப்பலாம் என்பதே அவர் கூறியதன் பொருள். அடுத்த வழக்குக்கு நேரமாகிவிட்டது என்று விரைந்து சென்றுவிட்டார். அம்மையார் என் முகத்தைப் பார்த்தார்.

"வக்கீலு என்ன சார் சொல்றாரு? மேல் கோர்ட்டுக்குப் போகலாமா?"

"இதுக்கு அப்பீல் கிடையாதாம் அக்கா" என்றேன்.

சொல்ல வேண்டியவற்றுள் பாதியைத்தான் சொன்னேன். பசி, களைப்பு, பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம், சட்ட நுணுக்கத்தை இவருக்கு எதற்கு விளக்க வேண்டும் என்ற படித்தவனின் அலட்சியம் ஆகிய எல்லாம் சேர்ந்து 'இப்போது' என்ற சொல்லை விழுங்கிவிட்டன. அம்மையார் வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிரவு பிணையில் இருந்த மகனிடம், "மேல போக வழியே இல்லையாம்பா, வாத்தியாரே சொல்லிட்டாரு" என்று கூறியிருக்கின்றார். மறுநாள் காலை அவன் வழக்கறிஞரையும் வியப்பில் ஆழ்த்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புதலின் விளைவுகள் அவனுக்கு விளக்கப்பட்டனவாம், எல்லாவற்றிற்கும் தலையாட்டினானாம். அப்போது நான் அங்கில்லை. சில மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது என்பதை மாலையில்தான் அறிந்தேன்.

பின்னொரு நாள் வழக்கறிஞரைக் கண்டபோது, நடந்ததை விளக்கிக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கூறினார்: "வழக்கைக் கடைசிவரை நடத்தியிருந்தால் அந்த வாக்குமூலத்தைப் பற்றி மேல்நீதிமன்றத்தில் கேட்டிருக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது."

அவன் உண்மையில் குற்றம் புரிந்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நீதிபதியின் முடிவு பிழை என்று சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. கேட்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு வினா கேட்கப்படாமலே போயிற்று. அதற்கு நான் காரணமானேன் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த உறுத்தலே, தமிழிலக்கியம் மட்டுமே பயின்ற என்னைச் சட்ட நூல்களின் பக்கம் இட்டுச் சென்றது. அங்கு நான் அறிந்தவற்றை என்னையொத்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கூறுவது, விட்டுப்போன சொல்லைக் காலங்கடந்தேனும் சேர்த்து எழுதுவதாகும் என்று எண்ணுகின்றேன்.

முதலில், வழக்கு முடியுமுன் மேல்முறையீடு இல்லை என்னும் விதி ஏன் ஏற்பட்டது என்று காண்போம். ஒரு குற்ற வழக்கில் நீதிபதி பத்து, இருபது, சில சமயம் நூறு முடிவுகளைக்கூட எடுக்க நேரிடும். இந்தக் கேள்வியைச் சாட்சியிடம் கேட்கலாமா, இந்த ஆவணத்தை ஏற்கலாமா, தவணை கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவே. ஒவ்வொன்றுக்கும் மேல்நீதிமன்றத்திற்கு ஓடலாம் என்றால் வழக்கு என்று முடியும்? சாட்சிகள் மறப்பார்கள், சிலர் இறப்பார்கள், குற்றஞ்சாட்டப்பட்டவர் சிறையிலேயே காத்திருப்பார். பணம் படைத்தவர் ஒவ்வொரு படியிலும் வழக்கை நிறுத்தி வைப்பார். தேர்வு எழுதும் மாணவன் ஒவ்வொரு வினாவுக்கும் விடையெழுதியவுடன் எழுந்து, மதிப்பெண்ணைப் பற்றித் தலைமையாசிரியரிடம் முறையிடச் சென்றால் தேர்வு நடைபெறுமா? அவ்வாறுதான்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இடையில் எடுக்கப்பட்ட முடிவு தவறாகவே இருப்பினும், இறுதியில் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானால் அத்தவற்றால் அவருக்குத் தீங்கில்லை. மேலும், விசாரணை நீதிபதியே தம் முடிவை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. ஒரு சான்றை ஏற்ற பிறகு, தொடர்ந்து வரும் சாட்சியங்களைக் கேட்கையில் நீதிபதிக்குத் தம் முந்திய முடிவில் ஐயம் எழுந்தால், இரு தரப்பினரையும் மீண்டும் வாதிடச் சொல்லலாம்; அச்சான்றை ஏற்றிருக்கக்கூடாது என்று கண்டால் அதனை ஒதுக்கிவிட வேண்டும். அந்த இளைஞன் வழக்கை நடத்தியிருந்தால், மேல்நீதிமன்றம் செல்லுமுன்பே விசாரணை நீதிபதியின் மனமாற்றத்திற்கும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்று இன்று எண்ணிப் பார்க்கின்றேன்.

இவ்விதி சட்டத்தில் எவ்வாறு அமைந்துள்ளது என்பது மொழியாசிரியர்களுக்குச் சுவையான செய்தி. தீர்ப்பு, தண்டனை, ஆணை ஆகிய மூன்றையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கின்றது சட்டம். அப்படியானால் விசாரணையின் நடுவே இடும் ஆணையும் ஆணைதானே என்று நாம் கேட்போம். நீதிமன்றங்கள் அச்சொல்லுக்கு அவ்வளவு விரிந்த பொருளைத் தரவில்லை. முதலிரு சொற்களும் முடிவானவற்றைக் குறிப்பதால் மூன்றாவதும் முடிவான ஆணையையே குறிக்கும் என்று கொண்டன. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு மாலெப் பின் சு வழக்கில் இவ்வாறே பொருள் கண்டது. சிங்கப்பூர் நீதிமன்றங்களும் இந்நெறியிலேயே சென்றன. ஓர் ஆணை முடிவானதா இல்லையா என்பதை அறிய, இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு உரிமையியல் வழக்கு ஒன்றில் கேட்கப்பட்ட வினாவே உரைகல்லாயிற்று: 'இந்த ஆணை இரு தரப்பினரின் உரிமைகளுக்கு இறுதியான முடிவு கட்டுகின்றதா?' மலேசியாவில் இதற்கு ஐயமே இல்லாதபடி 1998ஆம் ஆண்டு சட்டமே திருத்தப்பட்டது. விசாரணையின் போக்கில் எடுக்கப்பட்டு, தரப்பினரின் உரிமைகளை இறுதியாகத் தீர்க்காத முடிவு எதுவும் மேல்முறையீட்டிற்குரிய முடிவாகாது என்று அது வரையறுத்தது.

இத்தகைய நடுவழி ஆணையைத் தமிழில் எப்படிச் சொல்வது? இடைக்கால ஆணை என்று பலரும் எழுதுகின்றனர். அது சிறிது காலத்திற்கு மட்டும் செல்லும் ஆணை என்ற பொருளைத் தந்துவிடுகின்றது. வாக்குமூலத்தை ஏற்கும் முடிவோ வழக்கு முடியும்வரை நின்று தீர்ப்பையே தாங்கும் தூணாகிவிடலாம். ஆகவே இடைநிலை ஆணை என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆணை நிற்கும் இடத்தைத்தான் 'இடை' என்பது சுட்டுகின்றது. அதன் வலிமையை அன்று.

தமிழகத்தையும் உள்ளடக்கிய இந்தியாவில் இச்சிக்கல் வேறொரு வடிவில் எழுந்தது. அங்கு மேல்முறையீட்டுடன் சீராய்வு என்னும் வழியும் நெடுங்காலமாக உண்டு. கீழ்நீதிமன்ற ஏடுகளை உயர்நீதிமன்றம் வரவழைத்துப் பார்த்துப் பிழை திருத்தும் அதிகாரம் அது. இடையிடையே சீராய்வு கோரி வழக்குகள் இழுத்தடிக்கப்பட்டமையால், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 397ஆம் பிரிவில் இடைநிலை ஆணைகளுக்குச் சீராய்வு இல்லை என்று தடை விதித்தது. ஆனால் இடைநிலை ஆணை எது என்று சட்டம் விளக்கவில்லை.

அவ்விளக்கம் 1977இல் வந்தது. சோஷலிசத் தலைவரும் நாடாளுமன்றவாதியுமான மது லிமாயே மீது, மாநில அமைச்சர் ஒருவரைப் பற்றிய கூற்றுக்காக அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கை விசாரிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமே இல்லை என்று அவர் வாதிட்டார். வாதம் மறுக்கப்பட்டுக் குற்றச்சாட்டு வனையப்பட்டது. இது இடைநிலை ஆணையாதலால் சீராய்வு இல்லை என்றது உயர்நீதிமன்றம். உச்சநீதிமன்றமோ, முடிவான ஆணை, இடைநிலை ஆணை என்ற இரண்டே வகைகளில் எல்லாம் அடங்கிவிடா என்று கூறிற்று. இரண்டிற்கும் நடுவே மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. அது வழக்கை முடித்துவிடவில்லையாயினும் முக்கியமான உரிமையைத் தொடுவது. அதற்குத் தடை பொருந்தாது என்று விளக்கிற்று. பின்னர் 2000ஆம் ஆண்டு கே. கே. பட்டேல் வழக்கில் எளிய அளவுகோல் ஒன்றும் உறுதிப்பட்டது. எழுப்பப்பட்ட ஆட்சேபம் ஏற்கப்பட்டிருந்தால் வழக்கே அங்கு முடிந்திருக்குமா என்று பார்க்க வேண்டும். முடிந்திருக்கும் என்றால், அதனை மறுத்த ஆணையைச் சீராய்வு செய்யலாம். 2024 ஜூலை முதல் நாள் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. அதிலும் 438ஆம் பிரிவில் அத்தடை அப்படியே தொடர்கின்றது.

தடை உத்தரவுகளால் வழக்குகள் தேங்கிக் கிடப்பதைக் கண்ட இந்திய உச்சநீதிமன்றம், 2018ஆம் ஆண்டில் மற்றொரு மருந்தையும் கொடுத்துப் பார்த்தது. விசாரணையை நிறுத்திவைக்கும் தடை உத்தரவு, தக்க காரணங்காட்டி நீட்டிக்கப்படாவிட்டால் ஆறு மாதத்தில் தானாகவே காலாவதியாகும் என்றது. ஆனால் 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை நீக்கிவிட்டது. தன் பிழை எதுவுமின்றி ஒருவர் பெற்ற பாதுகாப்பை, நாட்காட்டியின் ஏடு புரண்டது என்பதற்காகப் பறித்தல் நீதியாகாது அன்றோ? வேகத்திற்கும் நீதிக்கும் இடையே உள்ள இழுபறி அத்துணை எளிதில் தீர்வதில்லை.

காத்திரு என்று சட்டம் சொல்லும்போது அதன் உள்ளே ஓர் உறுதிமொழி இருக்கின்றது: 'காத்திருந்தால் உன் உரிமை கெடாது, இறுதியில் எல்லாவற்றையும் கேட்போம்.' அப்படியாயின், காத்திருப்பதாலேயே அழிந்துபோகும் உரிமைகளின் நிலை என்ன? அமெரிக்க உச்சநீதிமன்றம் 1977ஆம் ஆண்டு அப்னி வழக்கில் இவ்வினாவை எதிர்கொண்டது. ஒரே குற்றத்திற்கு ஒருவரை இருமுறை விசாரிக்கலாகாது என்பது அந்நாட்டு அரசமைப்பின் விதி. இரண்டாம் விசாரணை கூடாது என்று ஒருவர் முறையிடும்போது, விசாரணை முடிந்த பின் வா என்று சொல்வதில் பொருளுண்டா? தடுக்கப்பட வேண்டிய துன்பத்தை முழுவதும் அனுபவித்த பின்னரன்றோ அவர் வருவார்! ஆகவே அத்தகைய முடிவை எதிர்த்து உடனே மேல்முறையீடு செய்யலாம் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிணையும் அத்தகையதே. சிறையில் கழிந்த நாள்களை எந்த மேல்முறையீடும் மீட்டுத் தராது.

இதைப் படித்தபோது எனக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வந்தது. கண்ணகியின் வழக்கில் சான்று பிழையற்றது. சிலம்பு உடைந்தது; உள்ளிருந்து தெறித்தது மாணிக்கம்; பாண்டிமாதேவியின் சிலம்பிலோ முத்து. மன்னனே தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர் நீத்தான். உலக இலக்கியத்திலேயே இத்துணை முழுமையாக வென்ற மேல்முறையீடு அரிது. ஆயினும் என்ன பயன்? கோவலன் அதற்கு முன்பே கொலையுண்டான். காலங்கடந்து வந்த சரியான தீர்ப்பு என்பதே அக்காப்பியத்தின் அவலம். அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியும், நான் அதனை இந்தக் கோணத்தில் ஒருநாளும் மாணவர்க்கு விளக்கியதில்லை.

சிங்கப்பூரிலும் இத்தகைய நிலைகளுக்காகச் சில சிறு வாயில்கள் உண்டு. அரசு நீதிமன்றங்களின் வழக்கேடுகளை வரவழைத்து ஆராயும் சீராய்வு அதிகாரம் உயர்நீதிமன்றத்திற்கு இருக்கின்றது. அவ்வாயில் குறுகியது. கடுமையான அநீதி நேர்ந்திருக்க வேண்டும். முடிவின் அடிப்படையையே தாக்கும் வெளிப்படையான பிழை இருக்க வேண்டும் என்று தலைமை நீதிபதி யோங் பங் ஹாவ் 1995ஆம் ஆண்டு ஆங் போ சுவான் வழக்கில் வரையறுத்தார். பிணை பற்றிய முடிவில் மேல்முறையீடு இல்லாவிடினும், உயர்நீதிமன்றம் தானே பிணை வழங்கவும் அதன் நிபந்தனைகளை மாற்றவும் இயலும். அரசமைப்புச் சட்டத்தின் பொருள் பற்றிய வினா எழுந்தால், தீர்ப்பு வரும்வரை காத்திராமல் அதனை உயர்நீதிமன்றத்தின் முன் வைக்குமாறு வழக்கின் எந்தக் கட்டத்திலும் கோரலாம். பெருவாயில் பூட்டியிருப்பினும் காற்றுப் புகச் சாளரங்கள் வைத்துக் கட்டிய வீடு போன்றது இவ்வமைப்பு.

பெருவாயிலில் காத்திருந்தவர்க்கு நீதி கிடைக்குமா என்று கேட்பவர்கள் காதர் சகோதரர்கள் வழக்கை அறிய வேண்டும். 2005ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு கொலைக்காக அவ்விருவரும் 2009ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றனர். விசாரணையில் சான்றாக ஏற்கப்பட்ட வாக்குமூலங்களை 2011ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் ஆராய்ந்தது. பதிவு செய்வதற்குரிய விதிமுறைகளை மீறி எழுதப்பட்டவற்றை ஒதுக்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என்று அது நிலைநாட்டிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய செய்திகளை அரசுத் தரப்பு வெளிப்படுத்த வேண்டிய கடமையையும் விளக்கிற்று. சகோதரர்களில் ஒருவரான இஸ்மில் விடுதலையானார்.

இவ்வழக்கு இரு செய்திகளை ஒருங்கே சொல்கின்றது. முடிவுவரை சென்ற வழக்கில், நடுவே எடுக்கப்பட்ட முடிவுகள் புதைந்துபோவதில்லை. மேல்நீதிமன்றம் அவற்றைத் தோண்டி எடுத்துப் பார்க்கின்றது. அது விதியின் சிறப்பு. அந்த நாள் வருவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஒருவர் சிறைக்குள் காத்திருக்க நேர்ந்தது. அது விதியின் விலை. இவ்விலையை அறிந்தே இவ்விதியை நாம் போற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

காத்திருப்பதற்கு மனவுறுதி வேண்டும். அம்மனவுறுதிக்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை இழந்தவர் நடுவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகின்றார். அவ்வாறு ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையும் அதன் சட்டத் தகுதியையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்பது அன்றும் இன்றும் இந்நாட்டுச் சட்டம். இன்றைய சட்டத்தில் 375ஆம் பிரிவு அது. அரிதாகச் சீராய்வில் அத்தகைய தீர்ப்புகளும் மாற்றப்படுவதுண்டு; ஆனால் அதனை நம்பி எவரும் ஒப்புக்கொள்ளலாகாது. ஆகவே, 'இப்போது இல்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் இலக்கண வேறுபாடு அன்று. முதலாவது, ஒரு மனிதனைக் காத்திருக்கச் சொல்கின்றது. இரண்டாவது, சரணடையச் சொல்கின்றது. நான் முதலாவதைக் கேட்டு இரண்டாவதைச் சொன்னேன்.

மகன் சிறையிலிருந்து வெளிவந்து லாரி ஓட்டக் கற்றான், மணம் முடித்தான், குடும்பம் ஒருவாறு நிமிர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு தீபாவளிக்கு முந்திய மாலையில், சிராங்கூன் சாலை விளக்கொளியில் மிதந்துகொண்டிருந்த வேளையில், நான் அம்மையாரிடம் என் பிழையை முழுவதும் கூறினேன். மல்லிகைச் சரத்தைத் தொடுத்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரு கணம் நின்றன.

"அப்போ போயிருக்கலாமா சார்?" என்றார்.

"போயிருக்கலாம் அக்கா. ஜெயிச்சிருப்போமான்னு தெரியாது. ஆனா போயிருக்கலாம்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு நீங்களும் வரலேன்னா எனக்கு யாரு சார் வந்திருப்பா?" என்று சொல்லி, ஒரு முழம் பூவை நறுக்கி வாழையிலையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகும்படி நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கடிந்துகொண்டிருந்தால் என் பாரம் சற்றுக் குறைந்திருக்கும்.

அதன் பிறகு ஓய்வுபெறும்வரை நான் வகுப்பில் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்தும் முறை மாறிவிட்டது. வினைக்கு அடையாக வரும் சொற்களை அணிகலன் போல் கருதி, வேண்டுமானால் சேர்க்கலாம், வேண்டாவிடில் விடலாம் என்று மாணவர் எண்ணுவர். இப்போது, இன்னும், மட்டும், வரை ஆகிய சொற்களை விட்டு மொழிபெயர்த்த தாளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. ஒரு சிறு சொல்லுக்காகவா இவ்வளவு என்று சில மாணவர்கள் வருந்துவார்கள். காரணத்தை அவர்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.